ஒரு துரோகி தேவைப்பட்டான்

கிருபாசங்கர் எழுதிய அரண்மனைக் கதைகளில் தோற்றுப்போன ராஜா என்று ஒருவரும் கிடையாது. தோற்றவர்கள் எல்லாரும் யாராலோ காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். ஆறு நாவல்களில் ஆறு துரோகிகளை உண்டாக்கியிருந்தார். பம்புசெட் கம்பெனி ஒன்றில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த மனிதர், நாற்பது வயதுக்கு மேல் செல்போன் ஆப் ஒன்றில் தொடர்கதை எழுத ஆரம்பித்தார். நாலே வருடத்தில் கோயம்புத்தூரில் எந்தப் புத்தக விழா நடந்தாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி என்று ஆகிவிட்டது. அழைப்பிதழில் 'எழுத்தாளர்' என்று மட்டும் போட்டால் முகம் சுருங்கிவிடும். 'வரலாற்று ஆய்வாளர்' என்றும் சேர்த்துப் போட வேண்டும். ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் கல்வெட்டு வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருந்தார்.

ஏழாவது நாவலை எழுதச் சொன்னவர் நஞ்சப்பன். கருமத்தம்பட்டிப் பக்கம் நூல் மில் வைத்திருப்பவர். அவருடைய முன்னோர்கள் சேணங்காட்டுப்புதூர் என்ற குட்டிப் பாளையத்தில் மந்திரிகளாக இருந்தார்களாம். அவிநாசியிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். முந்நூறு வருடத்துக்கு முந்தைய மண்கோட்டையில் இப்போது மிச்சம் ஒரு மேடுதான். மேட்டின் மேல் கோட்டை முனியப்பன் கோயில்.

"நாவலா வந்தாப் போதுமுங்க. அப்பறம் அதை வெப் சீரீசாப் புடிக்கறதை நான் பாத்துக்கறேன்" என்றார் நஞ்சப்பன். கிருபாசங்கருக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் முதலில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார். சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிவைத்த குறிப்பு ஒன்று கிடைத்தது. மொத்தமே நாலு வரி. வடக்கேயிருந்து வந்த படை கோட்டையை நாற்பது நாள் வளைத்து நின்றது. உள்ளேயிருந்த கிணறு வற்றியது. பாளையக்காரர் சென்னியப்பர் ஆள் அனுப்பிப் பேசி, கோட்டையை ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு தாராபுரம் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான். வாளும் இல்லை, வஞ்சகமும் இல்லை. தண்ணீர் தீர்ந்துபோனதால் ஒரு ராஜா வீட்டைக் காலி செய்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நாற்பது அத்தியாயம் எப்படி எழுதுவது என்று கிருபாசங்கர் ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தார்.

அந்த நாலு வரியில் இல்லாத ஒன்றை ரசாக் சொன்னார். ரசாக், உக்கடத்தில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது. அவர் முன்னோர்கள் சேணம் தைத்தவர்கள். குதிரை போய் கார் வந்ததும் குடும்பம் தோலிலிருந்து ரெக்சினுக்கு மாறிக்கொண்டது. சேணங்காட்டுப்புதூர்க் கோயிலில் அவருக்கு ஒரு உரிமை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் காருக்கு சீட் தைக்கும் சாக்கில் கிருபாசங்கர் போய் உட்கார்ந்தார். ரசாக் டீ வரவழைத்தார்.

"எங்க முன்னோரு காதர் ராவுத்தர்தானுங்க அந்தக் கோட்டையில லாயம் பாத்தவரு. பதினோரு குதிரை. கோட்டையை வளைச்சப்ப உள்ள சாப்பாட்டுக்குப் பஞ்சமாப் போச்சு. ஆளுங்க குதிரைக்கு வச்சிருந்த கொள்ளை எடுத்துத் திங்க ஆரம்பிச்சுட்டாங்க. இவரு மட்டும் தன்ற பங்கையும் குதிரைங்களுக்கே போட்டுப்போட்டு, பட்டினி கெடந்து மௌத்தாயிட்டாரு."

அதனால்தான் கோயிலின் மாசி மாதத் திருவிழாவான நோம்பியில், மேட்டுக்கு மண்குதிரை எடுக்கும்போது, ஊறவைத்த கொள்ளில் முதல் கையை ராவுத்தர் வீட்டு ஆள் அந்தக் குதிரையின் வாயில் வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் தப்பட்டை அடிப்பார்கள். அதற்கு முன் குதிரையைத் தூக்கத் தோள் கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். இதற்கு ஓலையோ பட்டயமோ எதுவும் கிடையாது. வருடா வருடம் வைத்துக்கொண்டிருப்பதுதான் பட்டயம்.

"கோயமுத்தூர்ல கலவரமாகி நாங்க கடை தொறக்கவே பயந்துட்டிருந்த வருஷமும் எங்க அத்தா போய் வச்சாருங்க. ஊர்க்காரங்க நாலு பேரு வந்து, காருல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயி, அதே மாதிரி கொண்டாந்து உட்டாங்க" என்று ரசாக் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பிறகு கிருபாசங்கர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடிவாளத்தில் எந்த வார் எங்கே போகும், கால் வைக்கும் அங்கவடியை எத்தனை விரல் ஏற்றிக் கட்டுவது, மிரண்ட குதிரையை எப்படி அடக்குவது, எல்லாவற்றையும் வரைந்தே காட்டினார். "கொள்ளுப்பையை மூஞ்சில கட்டி உட்டாப் போதுமுங்க, குதிரை கனைக்காது. பக்கத்துல படையே நடந்து போனாலும் அதுக்குத் திங்கறதுலதான் கவனம்" என்றார். கிருபாசங்கர் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

எழுதிய முதல் பிரதியில் காதர் ராவுத்தர் பட்டினி கிடந்துதான் செத்தார். நஞ்சப்பன் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"அப்ப எங்க சென்னியப்பரு பயந்துட்டுக் கோட்டையைக் குடுத்துப்போட்டுப் போனாருங்களா?"

"கிணறு வத்திப்போச்சுங்க. ஆவணத்துல அப்படித்தான் இருக்குது."

"ஆவணம் கெடக்குதுங்க. கிணத்தை எப்படிங்க வில்லனாக் காட்டறது? எவனோ ஒருத்தன் கதவைத் தொறந்து உட்டிருக்கோணும். யாருன்னு நீங்க பாத்துப் போட்டுக்குங்க, எங்காளுங்களை மட்டும் உட்டுருங்க."

கிருபாசங்கர் வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தார். கோட்டைக்குள் இருந்து கதவைத் திறந்திருக்கக்கூடிய ஆட்களின் பட்டியல் ஒன்று போட்டார். மந்திரி: நஞ்சப்பனின் முன்னோர், அடித்தார். தளவாய்: வாரிசுகள் இன்னும் ஈரோட்டில் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் வக்கீல்கள். அடித்தார். பூசாரி: புத்தகத்தை அந்தக் கோயில் வாசலில்தான் வெளியிட வேண்டும். அதையும் அடித்தார். அரண்மனைச் சமையல்காரர்: அவர்கள் ஆட்களுக்குச் சங்கம் இருக்கிறது, சங்கத்துக்குப் பெருந்துறையில் சொந்தக் கட்டடமே இருக்கிறது. அடித்தார். கடைசியாக லாயக்காரர். அவர் வாரிசு உக்கடத்தில் சீட் கவர் தைக்கும் ஒரே ஒரு ஆள். வக்கீல் இல்லை, சங்கம் இல்லை, இந்தக் காலத்தில் சண்டைக்கு வரும் தைரியமும் இருக்காது. அந்தப் பெயரை அவர் அடிக்கவில்லை. இதைக் கற்பனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சந்தையில் ஜேப்படிக்காரன் ஆள் பார்த்துக் கை வைப்பதற்கும் இதே மூளைதான் வேண்டும்.

அதன் பிறகு பேனா தானாக ஓடியது. நாவலின் காதர் ராவுத்தர் எதிரியிடம் விலைபோனார். பதினோரு குதிரைகளின் முகத்திலும் கொள்ளுப்பையைக் கட்டிவிட்டார். எதிரிப்படை லாயத்தைத் தாண்டிப் போனபோது ஒரு குதிரையும் கனைக்கவில்லை, காவல்காரர்கள் விழிக்கவில்லை. வார், கொக்கி, பையின் முடிச்சு எல்லாம் அச்சு அசலாக ரசாக் சொன்னபடி இருந்தன. ஒரு சின்னத் தப்புக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பொய் ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்த ஆள்.

கடைசி அத்தியாயத்தில் சென்னியப்பர் சாகும் முன் துரோகியின் குடும்பத்தையே வெட்டச் சொல்கிறார். 'அவன் வம்சத்தில் ஒரு பிஞ்சும் மிஞ்சவில்லை' என்று அந்த அத்தியாயம் முடியும். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. துரோகியின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எழுதாமல் விட்டால் வாசகர்கள் கமெண்டில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்னுரையில், பெயர் சொல்ல விரும்பாத குடும்பம் ஒன்றின் வசம் இருக்கும் செப்பேட்டின்படியே இந்நாவல் எழுதப்பட்டது என்று போட்டு, அந்தச் செப்பேட்டு வாசகம் என்று பழைய நடையில், அதே கடைசி வரியோடு முடியும்படி, பன்னிரண்டு வரியும் எழுதிச் சேர்த்தார். நாவல் முழுவதிலும் அவர் அதிகம் ரசித்து எழுதியது அந்தப் பன்னிரண்டு வரியைத்தான்.

'கனைக்காத குதிரைகள்' பிய்த்துக்கொண்டு போனது. ஆப்பில் லட்சம் பேர் படித்தார்கள். புத்தகமாக வந்து நாலு மாதத்தில் மூன்றாம் பதிப்பு. வெப் சீரீசுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மாசி நோம்பியையே முதல் நாள் படப்பிடிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று நஞ்சப்பன் முடிவு செய்தார்.

நோம்பிக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, வடவள்ளியில் கிருபாசங்கர் வீட்டு வாசலில் ரசாக் வந்து நின்றார். கையில் அந்தப் புத்தகம். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல பழுப்புத்தாள் அட்டை போட்டிருந்தார். உள்ளே வரச் சொன்ன பிறகும் செருப்பைச் சுவர் ஓரமாக நேராக வைத்துவிட்டுத்தான் வந்தார்.

"எம்பொண்ணு ஷைமா ரெண்டு மாசத்துக்கு முந்தியே படிச்சுட்டாளுங்க. நான் வருத்தப்படுவேன்னு பீரோவுல ஒளிச்சு வச்சுட்டா. ஊர்லருந்து பாலுசாமியண்ணன் போன் பண்ணித்தானுங்க எனக்கே தெரிஞ்சுது."

பாலுசாமி அந்தக் கோயில் கமிட்டித் தலைவர்.

"என்ன சொன்னாருங்க?"

"இந்த வருஷம் கொள்ளு வைக்கறதுக்கு ஊர்ல ஆட்சேபணை இருக்குதாமுங்க. அது துரோகக் கொள்ளு, குதிரை வாயைக் கட்டின கொள்ளுன்னு பேசிக்கறாங்களாமா. குதிரை எடுக்கறதுக்கு முந்தி கூட்டம் போட்டு முடிவு பண்றாங்க. என்னையும் வரச் சொன்னாங்க." ரசாக் புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டார். "நீங்க கதை எழுதறவரு, எழுதுவீங்க. அதை நான் தப்புன்னு சொல்ல வரலைங்க. நீங்க வந்து, 'இது கதை, நானா எழுதினது'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா முடிஞ்சு போச்சு. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் கிருபாசங்கருக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் தப்பித்திருப்பார். அந்த மனிதர் கேட்கவே இல்லை. வெட்கத்தில் கிருபாசங்கரின் காது சிவந்தது. கண்டிப்பாக வருகிறேன், நானே காரில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது முழு மனதோடுதான் கொடுத்தார். அதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நோம்பி அன்று காலை இருவரும் ஒரே காரில் போனார்கள். ரசாக் தைத்த சீட்டில் ரசாக்கே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, மடியில் எவர்சில்வர் தூக்குப்போசி. அதில் ஊறவைத்த கொள்ளு. அவிநாசி தாண்டியதும், "சார், எனக்கு ஆம்பளப் பசங்க இல்லை. அடுத்து எங்க தம்பி பையன் ரியாஸ்தானுங்க வைக்கோணும். அவன் துபாயில இருக்கறான். நோம்பிக்குன்னு லீவு கேட்டா அவங்க கம்பெனியில சிரிக்கறாங்களாமா" என்று சொல்லிச் சிரித்தார். கிருபாசங்கரும் சிரித்தார்.

மேட்டின் அடிவாரத்தில் சாமியானா போட்டு, ஐந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மூங்கில் கழிகளின் மேல் மண்குதிரை நின்றது. ஆள் உயரத்துக்கும் மேலே, சுண்ணாம்பு பூசி, கண்ணுக்கு மை தீட்டி, வாய் சற்றே திறந்திருந்தது. படம் பிடிக்க வந்தவர்கள் கேமராவோடு ஓரமாக நின்றார்கள். முதல் வரிசையில் நஞ்சப்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ராவுத்தரே, உக்காருங்க" என்று பாலுசாமி எழுந்து வந்து ரசாக்கின் கையைப் பிடித்து நாற்காலி காட்டினார். மரியாதைக்கு அந்த ஊரில் என்றைக்கும் குறைவு இருந்ததில்லை.

கூட்டம் தொடங்கியதும் கிருபாசங்கர் தானாகவே எழுந்து மைக்கை வாங்கினார்.

"நான் எழுதினது கதைங்க. காதர் ராவுத்தர் கதவைத் தொறந்ததா எங்கயும் இல்லை. கதைக்காக நான் சேத்தது. அதை வச்சு இவங்க உரிமையில கை வைக்க வேண்டாமுங்க."

ரசாக் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பாலுசாமி புன்னகையோடு தலையாட்டினார்.

"சாரு நல்ல மனுசன். கூட வந்தவரு மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு. ஆனா நாங்க வெறும் புஸ்தகத்தை வச்சுப் பேசலைங்க சார். போன மாசம் கருவறை முன்னால டைல்ஸ் போடக் கல்லைப் பேத்தமுங்களா, உங்க செப்பேடு கெடச்சுப்போச்சு."

மஞ்சள் துணியில் சுற்றியதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்து, பூவும் சுற்றியிருந்தது. பாலுசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிருபாசங்கர் கையில் கொடுத்தார்.

"இந்த எழுத்து எங்க யாருக்கும் ஓடலைங்க. வரலாற்று ஆய்வாளரு, நீங்களே படிச்சுச் சொல்லிப்போடுங்க."

ஒரு அடி நீளச் செப்புத்தகடு. பச்சை ஏறியிருந்தது, சாணிக்குழியில் ஒரு மாதம் புதைத்தால் ஏறுகிற பச்சை. எழுத்துகளின் விளிம்பு ஒரே சீராக இருந்தது. அது உளி வெட்டியதல்ல, மெஷின் வெட்டியது. கிருபாசங்கர் முதல் வரியைப் பார்த்தார். அவருடைய வரி அது. பன்னிரண்டும் அவருடைய வரிகள். 'பிலவ வருஷம் தை மாசம் இருபத்தொன்றாந் தேதி வியாழக்கிழமையும் அனுஷ நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில்' கோட்டை விழுந்தது என்று இருந்தது. பஞ்சாங்கம் புரட்டச் சோம்பல்பட்டு, தன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, வருடத்தை மட்டும் மாற்றி எழுதியது அது. கோட்டை விழுந்த நாளை எந்த ஊரில் சுபதினம் என்று வெட்டிவைப்பார்கள்? ஏதோ ஒரு குடும்பத்தின் வசம் இருப்பதாக முன்னுரையில் போட்டது கருவறைக் கல்லுக்கு அடியில் எப்படி வந்தது? ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் யாரும் இதையெல்லாம் கேட்கப் போவதில்லை.

இது என் கல்யாண நாள், இந்தத் தகட்டைப் போன மாதம் ஏதோ ஒரு கடையில் வெட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். சொன்னால் பாலுசாமியையோ நஞ்சப்பனையோ, இரண்டு பேரையுமோ, ஊர் நடுவில் பொய்யர் என்று சொன்னதாக ஆகும். முன்னுரையில் செப்பேடு உண்டு என்று கையெழுத்துப் போட்ட வரலாற்று ஆய்வாளரும் பொய்யர் என்று ஆகும். அவர் நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மிரட்டினால்கூடப் பரவாயில்லை, மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஆள் நீ என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இருந்தது. கிருபாசங்கருக்கு அது அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தோடே படிக்க ஆரம்பித்தார்.

குரல் நன்றாகவே வந்தது. மேடைப் பழக்கம். சென்னியப்பர் பெயர் வந்த இடத்தில் பெரியவர்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொள்ளுப்பையைக் கட்டிய வரி வந்தபோது எல்லாத் தலைகளும் ரசாக் பக்கம் திரும்பின. ரசாக் மட்டும் கிருபாசங்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பவர் எங்கேயாவது நிறுத்துவார், நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்வார் என்று அவர் கடைசி வரி வரைக்கும் எதிர்பார்த்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கடைசி வரியை இன்னொருக்காப் படிங்க சார்" என்றார் பாலுசாமி.

"அவன் வங்கிசத்தில் ஒரு பிஞ்சும் மிஞ்சவில்லை."

பாலுசாமி ரசாக் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். நிஜமாகவே நல்ல சேதி சொல்கிறவர் முகம் அவருக்கு.

"கேட்டீங்களா? அந்தத் துரோகி வம்சம் அன்னைக்கே அத்துப்போச்சு. அப்ப உங்க மேல ஒரு குத்தமும் இல்லைங்க பாய். நீங்க அவங்க ஆளே இல்லை. யாரும் இனி உங்களை ஒரு சொல்லு சொல்லமுடியாது."

அது வரைக்கும் அந்த ஊரில் ரசாக்கை யாரும் பாய் என்று கூப்பிட்டதில்லை. அவர் அப்பாவையும் கூப்பிட்டதில்லை. மேட்டில் ஏறும் வரைக்கும் அவர்கள் கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கும் பாய், ஏறிவிட்டால் ராவுத்தர்.

ரசாக் தூக்குப்போசியின் மூடியை அழுத்திச் சரிசெய்தார்.

"அப்ப நாங்க யாருங்க?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாத ஊரில் கேட்பதுபோலக் கேட்டார்.

"எங்க அத்தா வச்சாருங்க. அவங்க அத்தா வச்சாரு. உங்கப்பாருதான் அன்னைக்கு எங்க அத்தாவைக் காருல நடுவுல உக்கார வச்சுக் கூட்டியாந்தாரு. நாங்க யாருமில்லைன்னா, எதுக்குங்க கூட்டியாந்தாரு?"

பாலுசாமி கெட்ட மனிதர் இல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதை நான் எப்படிங்க சொல்றது. படிச்சவரு சாரு இருக்கறாரு, சார்கிட்டயே கேட்டுக்கலாம். ஏனுங்க சார், இவங்க காதர் ராவுத்தர் வழிதானுங்களா, இல்லீங்களா?"

மைக் மறுபடி கிருபாசங்கர் கைக்கு வந்தது. நஞ்சப்பன் இப்போதுதான் போனை மடியில் வைத்தார். கேமராக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வரலாற்று ஆய்வாளர் சொன்னார் என்று ஊர் அதையும் நம்பியிருக்கும். ஆறு நாவல் முழுக்க வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னவர், ஏழாவதில் ஒரு வம்சத்தையே ஒரு வரியில் தீர்த்தவர், அந்த ஒரு வார்த்தையை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். அது இட்டுக்கட்டியதாகக்கூட இருந்திருக்காது.

"ஆதாரம் இல்லைங்க" என்றார்.

"என்னங்க?"

"இவங்க குடும்பத்துக்கும் காதர் ராவுத்தருக்கும் தொடர்பு இருக்கறதா எழுத்துல ஆதாரம் எதுவும் இல்லைங்க."

எந்தப் பேராசிரியரும் குறை சொல்ல முடியாத வாக்கியம். வரலாற்று ஆய்வாளராக அவர் வாழ்நாளில் சொன்ன முதல் வாக்கியமும் அதுதான்.

கூட்டம் சலசலத்து அடங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குதிரையைத் தூக்க வேண்டியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஆனாலும் கொள்ளு வைக்காமல் எப்படி எடுப்பது என்று ஒருவர் கேட்டார், வைக்காமல் எடுத்ததே இல்லையே என்று இன்னொருவர். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு பாலுசாமி ஒரு பட்டுத்துண்டை எடுத்து வந்து கிருபாசங்கரின் தலையில் பரிவட்டம் கட்டினார். உண்மையை வெளியே கொண்டுவந்த கை, இந்த வருடம் அந்தக் கையே வைக்கட்டும் என்றார். கிருபாசங்கர் வேண்டாம் என்றார். இரண்டு தடவை சொன்னார். கட்டுவதற்கு வசதியாகத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

ரசாக் எழுந்து வந்தார். தூக்குப்போசியைக் கிருபாசங்கர் கையில் கொடுத்தார்.

"நேத்து ஊறப் போட்டதுங்க. இன்னைக்கு வைக்காட்டி புளிச்சுப் போகும்."

"ரசாக் பாய், நான்..."

"பாத்திரத்தை அப்பறமாக் கடைக்குக் குடுத்தனுப்புங்க, அவசரமில்லை. நான் பஸ்ஸுல போயிக்கறேனுங்க."

"சாப்பிட்டுட்டுத்தான் போகோணும் பாய், விருந்தாளி வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று பாலுசாமி உண்மையான அக்கறையோடு சொன்னார். ரசாக் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் காலை மடக்கி அவருக்கு வழிவிட்டார்கள்.

கிருபாசங்கரை மண்குதிரையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கேமரா தயாராக இருந்தது. தப்பட்டைக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ராவுத்தரு எந்தக் கையிலங்க வைப்பாரு?" என்று கேட்டார். ஒருவர் இடது கை என்றார். இன்னொருவர் இல்லை, முதலில் கழுத்தைத் தடவிவிட்டு இரண்டு கையாலும் வைப்பார் என்றார். இன்னொருவர் ஏதோ முணுமுணுப்பார், ஓதுவாரோ என்னவோ என்றார். வருடா வருடம் பார்த்தவர்கள்தான், ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"சாரு எப்படி வைக்கறாரோ அதுதானுங்க இனி முறை" என்றார் பாலுசாமி.

முறை தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை நன்றாகவே தெரிந்தது. கிருபாசங்கர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வலது கையால் கொள்ளை அள்ளினார்.